போன வாரம், வரும் வாரம், எங்கே சிக்கல்?

எண்ணூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர் நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட முடியாது. லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த மெஷின் ஓடியது, எது நின்றது, எந்த பேரிங் சூடாகிறது, மெயின்டனன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டதா, எந்த வேலை பாதியில் கிடக்கிறது. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் ஸ்விட்சில் கை வைப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார். 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1950களில் வந்த ராயல் என்ஃபீல்டு, ஆஸ்டின் கார் பூட்டிப் பிறகு லாரிக்கு மாறிய அசோக் லேலண்ட் என்று திருவொற்றியூரும் எண்ணூரும் தலைமுறைகளாக ஷிப்டில் வாழ்ந்த ஊர்கள். அங்கே இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளை எழுதுகிறவர்களிடமும் இப்படி ஒரு லாக் புக் இருக்கிறது. அவர்களுக்கு ஒரே கூரை கிடையாது, ஒரே நாடு கிடையாது. ஒருவர் கலிஃபோர்னியாவில் கணினியை மூடும் நேரத்தில் இன்னொருவர் சென்னையில் திறக்கிறார். முதலாளி என்று ஒருவர் இல்லை, பலருக்குச் சம்பளமும் இல்லை. அப்படியும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை நிற்காமல் நடக்கிறதென்றால், அதற்கு முக்கியமான காரணம் அவர்கள் வாராவாரம் எழுதி வைக்கும் சில வரிகள். இன்று உலகெங்கும் மாணவர்களும் விஞ்ஞானிகளும் திறந்து உட்காரும் ஜூப்பிட்டர் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.

ஜூப்பிட்டர் என்ன செய்கிறது என்பதை வடசென்னைக் காற்றை வைத்தே பார்த்துவிடலாம். ராயபுரம், மணலி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. காற்றில் உள்ள நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு போன்றவற்றை இவை ஓயாமல் அளக்கின்றன. அந்த அளவுகளை மத்திய வாரியத்தின் தளத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரிசையாக யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 96 வரிசை, ஒரு வருடத்துக்கு 35,040 வரிசை. கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாத நீளம்.

இந்தக் கோப்பை ஜூப்பிட்டர் நோட்புக்கில் திறப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு வெள்ளைப் பக்கம், அதில் செல் எனப்படும் ஒரு பெட்டி. முதல் பெட்டியில் கோப்பைப் படிக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால், கீழேயே முதல் ஐந்து வரிசைகள் வந்து நிற்கும். இரண்டாவது பெட்டியில் பி.எம். 2.5 நுண்துகளின் சராசரியைக் கேட்டால் விடைக்குப் பதில் பிழைச் செய்தி வரலாம். கருவி வேலை செய்யாத நேரங்களில் அந்தப் பத்தியில் எண் இருக்காது, ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். எண்களோடு எழுத்தும் கலந்ததால் பத்தி முழுவதையும் கணினி எழுத்தாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. மூன்றாவது பெட்டியில் அதைச் சரிசெய்து, நான்காவதில் மறுபடி சராசரி கேட்டால் எண் வரும். ஐந்தாவதில் வரைபடம். இந்தியாவில் 24 மணி நேர அளவாக பி.எம். 2.5-க்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 15. இரண்டையும் கோடாகப் போட்டு, எந்தெந்த நாட்கள் மேலே போயின என்று ஆறாவது பெட்டியில் கேட்கலாம்.

கேள்வி, பதில், அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி. இப்படிக் கணினியோடு பேசிப் பேசி வேலை செய்வதைத்தான் ஊடாட்டக் கணிமை என்கிறார்கள். நிரலை முழுதாக எழுதி முடித்து, ஓட்டி, கடைசியில் ஒரே விடையைப் பெறும் முறையிலிருந்து இது வேறுபட்டது. யோசித்த வழி, செய்த தவறு, திருத்தியது, கிடைத்த படம், நடுவே எழுதிய விளக்கம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். ராயபுரத்தில் ஒருவர் செய்த கணக்கை எண்ணூரில் இன்னொருவர் அப்படியே ஓட்டிச் சரிபார்க்கலாம். இந்தப் பகுதியில் அதற்குத் தேவையும் உண்டு. 2023 டிசம்பரில் மழைவெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவால் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். காற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் பாடப்புத்தகக் கேள்வியாக இருந்ததே கிடையாது.

ஜூப்பிட்டரின் முன்னோடி பிறந்தது 2001-இல். கொலம்பியா நாட்டவரான ஃபெர்னாண்டோ பெரெஸ் அப்போது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர். ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய நேரத்தில், பைத்தான் என்ற நிரல்மொழியில் கணக்குப் போட வசதியாக ஒரு சின்ன நிரல் எழுதினார். மொத்தம் 259 வரி. கேள்விக்கு ஓர் எண், பதிலுக்கு அதே எண் என்று திரையில் வரிசையாகக் காட்டும், முந்தைய விடைகளை நினைவில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஐபைத்தான் என்று பெயர் வைத்தார். யாங்கோ ஹவுசர், நேத்தனியல் கிரே என்ற இருவர் தனித்தனியே இதே போன்ற நிரல்களை எழுதியிருப்பது தெரியவந்ததும் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

இன்றைய நோட்புக் வடிவம் அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. நடுவில் பலர் பல முறை முயன்றார்கள். ஒவ்வொரு முயற்சியும் ஏதோ ஓரிடத்தில் முட்டி நின்றது. 2010-இல் பெரெஸும் பிரையன் கிரேஞ்சரும் அடித்தளத்தையே மாற்றினார்கள். கணக்குப் போடும் பகுதி வேறு, திரையில் காட்டும் பகுதி வேறு என்று பிரித்து, இரண்டும் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும்படி செய்தார்கள். 2011 டிசம்பரில் உலாவியில் ஓடும் நோட்புக் வெளியானது. 2014-இல் பைத்தானைத் தாண்டி மற்ற மொழிகளுக்கும் இடம் கொடுத்து ஜூப்பிட்டர் என்று பெயர் மாற்றினார்கள். ஜூலியா, பைத்தான், ஆர் ஆகிய மூன்று மொழிகளின் பெயர்களும் அதற்குள் இருக்கின்றன. வியாழனின் நிலவுகளை நாள்தோறும் பார்த்துக் குறித்து வைத்த கலிலியோவின் குறிப்பேடுகளுக்கும் அது ஒரு வணக்கம்.

அதன்பிறகு வளர்ச்சி வேகமாக இருந்தது. ஈர்ப்பலையை முதன்முதலாகக் கண்டறிந்ததை 2016 பிப்ரவரியில் அறிவித்த லைகோ குழு, அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கும்படி தரவையும் நோட்புக்கையும் பொதுவில் வைத்தது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 2015-இல் சுமார் 2 லட்சமாக இருந்த பொது நோட்புக்குகள் 2018 செப்டம்பரில் 25 லட்சத்தைத் தாண்டின. கணினித் துறையின் பெரிய அமைப்பான ஏ.சி.எம்., 2017-ஆம் ஆண்டுக்கான மென்பொருள் விருதை ஜூப்பிட்டர் குழுவுக்குக் கொடுத்தது.

259 வரி ஒருவர் தலைக்குள் அடங்கும். இப்போதைய ஜூப்பிட்டர் யார் தலைக்குள்ளும் அடங்காது. எடிட்டர் ஒரு குழு, பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சர்வர் இன்னொரு குழு, கோப்பு வடிவம் வேறொரு குழு. ஒரு குழு மாற்றியது இன்னொரு குழுவின் வேலையை உடைக்கலாம். ஒரே பிழையை இரண்டு பேர் இரண்டு கண்டங்களில் தனித்தனியே திருத்திக்கொண்டிருக்கலாம். இதைத் தவிர்க்கத்தான் வாராந்திரக் கூட்டம்.

ஐபைத்தான் குழு இதைக் கதவைத் திறந்து வைத்தே நடத்தியது. 2013-14 காலத்தில் அவர்களுடைய வாராந்திரக் கூட்டம் யூடியூபில் நேரலையாகவே போனது. ஓர் ஆய்வகத்தின் உள்கூட்டத்தை உலகில் எவரும் பார்க்கலாம், பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கலாம் என்பது அன்றைக்குப் புதுமை. இந்தப் பழக்கம் ஜூப்பிட்டருக்கும் வந்தது. ஜூப்பிட்டர்லேப் என்ற எடிட்டர் குழு பல ஆண்டுகளாக அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி புதன்கிழமை காலை 9 மணிக்குக் கூடிவந்திருக்கிறது. சென்னையில் அப்போது இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30.

கூட்டத்துக்கு முன்பே ஒரு பொதுக் குறிப்பேட்டில் அவரவர் பெயருக்கு நேரே எழுதிவிடுவார்கள். போன வாரம் என்ன செய்தேன், வரும் வாரம் என்ன செய்யப் போகிறேன், எங்கே உதவி வேண்டும். ஒருவர், இன்ன பிழையைத் திருத்திவிட்டேன், யாராவது சரிபார்த்தால் சேர்த்துவிடலாம் என்று எழுதுவார். இன்னொருவர், விண்டோஸில் மட்டும் சோதனை தோற்கிறது, என்னிடம் விண்டோஸ் இல்லை என்பார். மூன்றாமவர், அடுத்த இரண்டு வாரம் விடுமுறை, என் கையில் இருக்கும் வேலையை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். கூட்டத்தில் இவற்றை ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். முடிந்ததும் குறிப்பு பொதுவில் சேமிக்கப்படும். இரவு பத்தரைக்கு விழித்திருக்க முடியாத சென்னைக்காரர் காலையில் டீ குடித்துக்கொண்டே அதைப் படித்துவிடலாம்.

சுருக்கமாக எழுதுவது இதில் முக்கியம். எதைச் செய்து முடிக்கவில்லை என்று எழுதுவது அதைவிட முக்கியம். சம்பளம் கொடுக்கும் அலுவலகத்தில் மேலாளரிடம் கணக்குக் காட்டுவதற்காக அறிக்கை எழுதுகிறவர் தாமதத்தை மறைக்கப் பார்ப்பார். தன்னார்வலர்கள் குழுவில் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ‘இந்த வாரம் ஒன்றும் செய்யவில்லை, வீட்டில் வேலை’ என்று ஒருவர் எழுதினால் அது குற்ற ஒப்புதல் கிடையாது. அந்த வேலைக்கு இப்போது ஆள் இல்லை என்ற தகவல் அது. அந்தத் தகவல்தான் மற்றவர்களுக்கு வேண்டும்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்திலும் இப்படி ஒரு வாராந்திரத் தாளம் உண்டு. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் உலகுக்குத் தெரிவித்த முதல் செய்தியே ஒரு முன்னேற்ற அறிக்கைதான். ஏப்ரல் முதல் ஒன்றைச் செய்துவருகிறேன், இன்னின்னது ஓடுகிறது, உங்களுக்கு என்ன வசதி வேண்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். இன்றும் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதிய லினக்ஸ் கருநிரல் வருகிறது. முதல் இரண்டு வாரம் புதிய மாற்றங்களைச் சேர்க்கிறார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சோதனைப் பதிப்பு வரும். கூடவே இந்த வாரம் எந்தப் பகுதியில் எவ்வளவு மாறியது, நிலைமை அமைதியாக இருக்கிறதா, கவலைப்பட ஏதாவது உண்டா என்று டோர்வால்ட்ஸ் எழுதும் ஒரு குறிப்பும் வரும். ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் தங்கள் திங்கட்கிழமையை அதை வைத்துத் திட்டமிடுகிறார்கள்.

இந்த வரிகளை எழுதினால் போதுமா? யாராவது படித்து, கை கொடுக்க வேண்டாமா? எக்ஸ்.இஸட். என்ற மென்பொருளுக்கு நேர்ந்ததைக் கட்டற்ற மென்பொருள் உலகம் லேசில் மறக்காது. கோப்புகளைச் சுருக்கும் சிறிய கருவி அது. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் உண்டு. அதை லாசே காலின் என்ற ஒரே மனிதர் ஊதியமில்லாமல் பராமரித்துவந்தார். 2022 ஜூனில் அவர் வெளிப்படையாகவே எழுதினார்: நீண்டகால மனநலச் சிக்கலால் முன்போல் வேலை செய்ய முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. தாமதத்தைக் குறை சொல்லி அவரை நெருக்கியவர்கள் இருந்தார்கள். தோள் கொடுக்க வந்தவர் ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர். அவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் பெற்று, 2024 தொடக்கத்தில் வந்த பதிப்புகளுக்குள் கணினிகளைக் கள்ளத்தனமாகத் திறக்கும் நிரலை நுழைத்துவிட்டார். ஆந்த்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் தொலைநுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் தோண்டியதால்தான், அது பரவலாகப் போவதற்கு முன் 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது. பராமரிப்பவர் தன் நிலையை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கருவியை வைத்துச் சம்பாதித்த நிறுவனங்கள் அன்றைக்கே ஒரு பொறியாளரை அனுப்பியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

தமிழ்நாட்டில் இப்படிக் கூடிப் பேசும் பழக்கத்துக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் வயது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரியில் தொடங்கியது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது அதன் வழக்கம். நீண்ட காலம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடியது, கொரோனா காலத்தில் இணையத்துக்கு மாறியது. பைத்தான் மொழிக்காரர்களின் சென்னைப்பை குழு மாதக் கடைசிச் சனிக்கிழமைகளை ஒட்டித் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கூடிவந்திருக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறு மாலைகளில் இணையவழியே கூடுகிறது. அங்கே தமிழிலேயே பேசலாம். புதிதாக வருகிறவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று இரண்டு நிமிடம் சொல்லலாம். சொல்லப் பிடிக்காதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அறிவியல் கணிமையில், கட்டற்ற மென்பொருளைக் கல்வியில் பரப்பும் ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸி திட்டத்தைக் குறிப்பிட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் முனைவர் பட்டம் பெற்ற பிரபு ராமச்சந்திரன் அதன் பைத்தான் பணிகளை முன்னின்று நடத்தியவர். முப்பரிமாணத் தரவுகளைப் படமாகக் காட்டும் மாயாவி என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கியவரும் அவர்தான். பொறியியல் பாடப்புத்தகங்களில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளை மாணவர்களே நோட்புக் வடிவில் எழுதித்தரும் திட்டத்தை ஃபாஸி நடத்தியது. நாடெங்கும் உள்ள கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கான புத்தகங்களுக்கு இப்படி எழுதியிருக்கிறார்கள். கையில் விலை உயர்ந்த மென்பொருள் உரிமம் இல்லாத கல்லூரிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பாலிடெக்னிக்கிலோ அரசுப் பொறியியல் கல்லூரியிலோ படித்தவர்களுக்குத் தெரியும்.

தமிழில் முன்னேற்ற அறிக்கை எழுதுவதை ஒரு நடைமுறையாகவே ஆக்கியிருப்பது கணியம் அறக்கட்டளை. 2012-இல் கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ் மின்னிதழாகத் தொடங்கியது கணியம். 2018-இல் அறக்கட்டளையானது. எளிய தமிழில் லினக்ஸ், மைஎஸ்கியூஎல், மெஷின் லேர்னிங் என்று து. நித்யா எழுதிய நூல்களை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டதும் கணியம்தான். அறக்கட்டளை தன் செயல்களைக் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி பட்டியலிடுகிறது. மாத அறிக்கைகளையும் வெளியிட்டிருக்கிறது, வரவு செலவோடு. எந்தத் திட்டம் நடக்கிறது, எது நிற்கிறது, எதற்கு ஆள் தேவை, பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது. நன்கொடை கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே மாதிரி அதைப் படிக்கலாம். தமிழுக்குச் சேவை செய்வதாகச் சொல்லும் அமைப்புகள் எத்தனையோ உண்டு. அவற்றில் மாதக் கணக்கைத் தமிழில் எழுதித் தெருவில் வைக்கும் இந்தத் துணிவு போற்றத்தக்கது, மற்றவர்களும் எடுத்துக்கொள்ளத்தக்கது.

தமிழுக்கென்று ஊடாட்டக் கணிமையில் செய்ய வேண்டிய வேலையும் நிறைய. ஒரு நோட்புக்கைத் திறந்து ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறிகளை அது எண்ணுகிறது. முதல் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். முத்து அண்ணாமலை தொடங்கிப் பலர் சேர்ந்து வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பிடம் அதே சொல்லைக் கொடுத்தால் எழுத்துகளைச் சரியாகப் பிரித்து மூன்று என்கிறது. எழுத்தை எண்ணத் தெரியாத கருவியால் பிழை திருத்தவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. இந்த மாதிரி நூலிழை வேலைகளை யாராவது உட்கார்ந்து செய்து, செய்ததைச் சொல்லி, செய்யாததையும் சொல்லி வைத்தால்தான் அடுத்தவர் தொடர முடியும்.

கட்டற்ற மென்பொருளில் பங்கெடுப்பதில் தமிழர்களுக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. கூகுள் 2005 முதல் நடத்தும் கோடைக்கால நிரல் திட்டத்தில் மாணவர்கள் ஒரு கட்டற்ற மென்பொருள் குழுவோடு சேர்ந்து சில மாதம் வேலை செய்து உதவித்தொகை பெறுகிறார்கள். அதன் முதல் பத்தாண்டுக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். சீனியர்கள் ஜூனியர்களுக்கு வழி காட்டியதால் வந்த பெயர் அது. இந்தத் திட்டத்தில் பல குழுக்கள் வாரந்தோறும் முன்னேற்றக் குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்கின்றன. எழுதாமல் விட்டவர் நடுவிலேயே திட்டத்தை விட்டு வெளியேற்றப்படலாம். நிரல் எழுதத் தெரிந்தும், இன்ன இடத்தில் சிக்கிக்கொண்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டே பின்தங்குகிற மாணவர்கள் நம் கல்லூரிகளில் அதிகம். தெரியாது என்று வகுப்பில் சொன்னால் திட்டு விழும் என்ற பயம் பள்ளியிலிருந்தே கூட வருகிறது. அதை உடைக்க இந்த வாரக் குறிப்பு போல உதவுவது வேறொன்றும் இல்லை.

தடைகள் இல்லாமல் இல்லை. பெரிய மென்பொருள் குழுக்களின் கூட்டம் ஆங்கிலத்தில், அதுவும் பல நாட்டு உச்சரிப்புகளில் நடக்கும். நேரம் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தோதாக இருக்கும். ஆறு மணி ஷிப்டுக்கு எழ வேண்டிய அப்பா தூங்கும் ஒற்றை அறை வீட்டில், இரவு பத்தரைக்கு வீடியோ கூட்டத்தில் பேச முடியாது. எழுதி வைக்கும் குறிப்பின் அருமை அங்கேதான் தெரிகிறது. பேச்சு புரியாதவருக்கும், விழித்திருக்க முடியாதவருக்கும், எழுத்து காத்துக்கொண்டிருக்கிறது. அவரும் தன் பங்கைக் காலையில் எழுதிச் சேர்க்கலாம். உடைந்த ஆங்கிலத்துக்காக யாரும் திருப்பி அனுப்புவதில்லை. நிரல் எழுதத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஆவணத்தில் உள்ள பிழையைத் திருத்துவது, ஒரு கோளாறு தன் கணினியிலும் வருகிறதா என்று சோதித்துச் சொல்வது, திரையில் தெரியும் சொற்களை மொழிபெயர்ப்பது எல்லாமே கணக்கில் வரும் வேலைகள். ஜூப்பிட்டர்லேப்பின் மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது.

திருவொற்றியூரிலோ தண்டையார்ப்பேட்டையிலோ கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி தொடங்குவதென்றால் இன்றைக்கே தொடங்கலாம். ஜூப்பிட்டரை இலவசமாகக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். சொந்தக் கணினி இல்லாவிட்டால் கூகுளின் கோலாப் போன்ற சேவையில் உலாவியிலேயே நோட்புக் திறக்கலாம். ராயபுரம் நிலையத்தின் ஒரு மாதத் தரவை இறக்கி, எந்த நாளில் எத்தனை மணி நேரம் கருவி ஓடவில்லை என்று எண்ணிப் பார்ப்பதே நல்ல முதல் வேலை. வார முடிவில் அவள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: போன வாரம் தரவை இறக்கி விடுபட்ட இடங்களை எண்ணினேன், வரும் வாரம் மணலியோடு ஒப்பிடப் போகிறேன், தேதிப் பத்தியைக் கணினி தேதியாகப் படிக்க மறுக்கிறது, யாராவது பாருங்கள்.

இதை ஞாயிறு மாலை காஞ்சிபுரம் குழுவின் கூட்டத்தில் தமிழிலேயே சொல்லலாம். நேரில் பார்க்க விரும்பினால், விம்கோ நகரில் மெட்ரோ ஏறி கிண்டியில் இறங்கினால் தரமணியும் ஐ.ஐ.டி.யும் அங்கிருந்து பஸ் தூரம்தான். அந்தந்த மாதக் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதைக் குழுக்கள் முன்கூட்டியே அறிவிக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயர் பதிந்துவிட்டு மடிக்கணினியோடு போகலாம். தேதிப் பத்தி விவகாரத்தை அங்கே இருக்கும் பாதிப் பேராவது முன்பே சந்தித்திருப்பார்கள்.